விரதத்தின் இரண்டாம் நாள்: ஊர் 'குடிகாரர்' என்று சொல்லாத ஒருவரின் நோய்

செவ்வாய்க்கிழமை இரவு எட்டே கால். கிளினிக்கில் அன்று அவசர அறை ஆன்-கால் எனக்கு. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு சாகா கார் வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு, வாயோரம் ரத்தம் கலந்த எச்சில். மகன் இறங்கி ஓடிவந்தான்.

"டிரஸர் அங்கள், அப்பா கோயில்ல விழுந்துட்டாரு. சாமி வந்துச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் கையும் காலும் இழுக்க ஆரம்பிச்சிருச்சு."

நான் அரசாங்க கிளினிக்கில் மருத்துவ உதவியாளர். தோட்டத்து ஆஸ்பத்திரிகள் மூடி எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் ஊரில் இன்னும் 'டிரஸர்'தான். மலேசியாவில், கெடா மாநிலத்தின் தென்பகுதி. சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரே கடைத்தெரு, ஒரு எண்ணெய் ஆலை, மூன்று கோயில்கள். அந்த மனிதரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவருடையதும் குடும்பத்தாருடையதுமான சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 52. ஆலையில் பாய்லர்மேன். கோயில் கமிட்டியில் பொருளாளர். வேலைக்குத் தாமதமாக வந்தார் என்று ஒருநாள்கூட அவர்மேல் புகார் வந்ததில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார், கடைசிப் பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஊரில் அவருக்குப் பெயர் 'நல்ல மனுசன்'.

அவசர அறையில்

இழுப்பு நின்றிருந்தது. கண் திறந்திருந்தாலும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. நாடி 128, ரத்த அழுத்தம் 168/104, உடல் சூடு 37.9. நாக்கின் வலது ஓரத்தில் பல் பதிந்த காயம். வேட்டி இடுப்புவரை வியர்வையில் நனைந்திருந்தது. கையை நீட்டச் சொல்லிப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனிகள், ஓடுகிற மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்தது போல் அதிர்ந்தன. விரல் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 4.6 மில்லிமோல், இயல்பான அளவு.

சர்க்கரை நோய் கிடையாது. முன்பு வலிப்பு வந்ததில்லை. தலையில் அடிபட்டிருக்கவில்லை. கேட்க வேண்டிய அடுத்த கேள்வியை மனைவியிடம் கேட்டேன்.

"அண்ணே தண்ணி சாப்பிடுவாரா அக்கா?"

"ஐயோ, அந்த மாதிரி ஆளு இல்ல தம்பி. வேலை முடிஞ்சு வந்தா பீரு எடுத்துக்குவாரு. பீருதான்."

அந்தத் 'தான்' எனக்கு நன்றாகப் பழக்கம். கிளினிக்கில் தினமும் கேட்பது. பீர்தான், வீட்டுலதான், லீவு நாளுலதான். கேட்பவர் மேற்கொண்டு கேட்காமல் போவதற்காகப் போட்ட கதவு அது. இத்தனை வருடம் நானும் கேட்காமல்தான் போயிருக்கிறேன்.

"கடைசியா எப்போ எடுத்துக்கிட்டாரு?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி, பத்து மணி இருக்கும். திங்கக்கிழமை தைப்பூசத்துக்கு விரதம் எடுத்துட்டாரே. அதுக்கப்புறம் தொடவே இல்ல, சத்தியமா."

கோயிலில் விழுந்தது ஏழரைக்கு. கடைசி மிடறுக்கும் வலிப்புக்கும் இடையில் நாற்பத்தைந்தரை மணி நேரம். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற கணக்கே அதுதான். நாள் தவறாமல் குடித்துப் பழகிய உடலில் சாராயத்தைச் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டி 96 மணி நேரம்வரை, சிலருக்குப் புத்தி கலங்கிப்போகும். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு டிலீரியம் டிரெமன்ஸ் என்று பெயர். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிர் போகும்.

மூளையின் வேகத்தை மட்டுப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைச் சாராயம் கூட்டுகிறது. வருடக்கணக்கில் இப்படிப் பிரேக் போட்டே வைத்திருந்தால், மூளை ஈடுகட்டுவதற்காகத் தன் பங்குக்கு எண்ணெயைக் கூட்டி மிதித்துக்கொண்டிருக்கும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி என்ன ஆகும்? அவர் கையில் நான் பிடித்துப் பார்த்த அதிர்வு அந்த வேகம்தான்.

டாக்டரிடம் போனில் பேசிவிட்டு டையஸிபாம் 10 மில்லிகிராம் மெதுவாக நரம்பில் ஏற்றினேன். நர்ஸ் வழக்கம்போல குளுகோஸ் பாட்டிலை மாட்டிவிட்டாள். சோர்ந்து வருகிற எல்லாருக்கும் எங்கள் ஊரில் முதல் வைத்தியம் அதுதானே. கழற்றச் சொன்னேன். நெடுநாள் குடித்தவர்கள் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். இவர் இரண்டு நாளாக ஒருவேளைச் சைவச் சாப்பாடு வேறு. அந்த நிலையில் குளுகோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, மூளையில் வெர்னிக்கி எனப்படும் சேதம் வரக்கூடும். கண் அலையும், நடை தள்ளாடும், நினைவு திரும்பாமலே போகலாம். சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் குளுகோஸுக்குக் காத்திருக்க முடியாது, உடனே கொடுத்தாக வேண்டும். இவருக்கு 4.6 இருந்ததால் அவசரமில்லை. தயமின் ஊசியைப் போட்டு, உப்பு நீர் டிரிப்போடு ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில்

அங்கே போனதும் கதை வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. காய்ச்சல், ரத்தத் தட்டணுக்கள் 96 ஆயிரம். இந்த நாட்டில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எந்த இளம் டாக்டருக்கும் முதலில் வாயில் வருவது டிங்கிதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிங்கி பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது. மற்ற முடிவுகளைச் சேர்த்து வைத்தபோது படம் தெளிந்தது. சிவப்பணுக்கள் பெருத்திருந்தன, எம்.சி.வி 106. கல்லீரல் என்சைம்களில் ஏ.எஸ்.டி 142, ஏ.எல்.டி 58. முதலாவது இரண்டாவதைப் போல இருமடங்குக்கு மேல் போனால் சாராயத்தைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு கல்லீரல் என்சைமான ஜி.ஜி.டி 410, மிக அதிகம். மெக்னீசியம் குறைவு. தலை ஸ்கேனில் கோளாறு இல்லை. ஸ்கேன் செய்த கல்லீரலில் கொழுப்பு. தட்டணுக்களையும் குடிதான் குறைத்திருந்தது.

புதன் இரவு புத்தி கலங்கியது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து, காற்றில் எதையோ இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். வலமாக அரைச்சுற்று. நிறுத்தி, தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தார். மறுபடி அரைச்சுற்று. "ஏறுது, ஏறுது, தண்ணி விடுடா," என்று யாரையோ அதட்டினார். சுவரில் இருந்தது கடிகாரம். அவருக்கு அது பாய்லரின் பிரஷர் மானி. முப்பது வருடம் செய்த வேலையைக் கை மறக்கவில்லை. இந்த மயக்கத்தில் ஆட்கள் தங்கள் தொழிலையே காற்றில் செய்வது மருத்துவர்கள் பலகாலமாகப் பதிவு செய்திருக்கும் ஒன்று. படித்திருக்கிறேன். தெரிந்த ஒருவர் என் கண்முன்னால் செய்தபோது வார்டில் நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

தயமின் அதிக அளவில் நரம்பு வழியாக, டையஸிபாம் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு அதற்கேற்ப, மெக்னீசியம், தூங்க இருட்டான ஒரு மூலை. சனிக்கிழமை காலை மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எட்டாம் நாள் வீடு. பாதங்களில் மட்டும் மரமரப்பு மிச்சமிருந்தது, கால்களைக் கொஞ்சம் அகட்டி நடந்தார்.

எவ்வளவு குடித்தார்?

இதைக் கண்டுபிடித்தது டாக்டரோ நானோ இல்லை, ஒரு சாக்கு. வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், காலி டின்களைச் சேர்த்து வைக்கும் சாக்கு. மாதம் ஒருமுறை பழைய இரும்புக்காரர் வருவார். அக்கா எடை போட்டு விற்பார். "ஒன்னேகால் கிலோ வரும் தம்பி, அம்புட்டுதான்." அலுமினியம் டின் ஒன்று ஏறத்தாழ 14 கிராம். ஒன்றேகால் கிலோ என்றால் தொண்ணூறு டின், நாளுக்கு மூன்று. 320 மில்லி டின்னில் 5 சதவீத பீர் என்றால் உள்ளே இருக்கும் சுத்தமான சாராயம் 12.6 கிராம். மூன்றுக்கு 38.

38 கிராமில் இவ்வளவு பெரிய வலிப்பு வருவது பொருந்தவில்லை. மகன்தான் இன்னொன்றைச் சொன்னான், அம்மா சமையலறைக்குப் போன பிறகு. அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் கோப்பி பிளாஸ்க்கை ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன்தான் கழுவியிருக்கிறான். மூடியைத் திறந்ததும் கோப்பி வாசம் வரவில்லை. மோட்டார் ஷெட்டில் பழைய டயருக்குப் பின்னால் 700 மில்லி மலிவு விஸ்கி போத்தல்கள். அவரே பிறகு ஒத்துக்கொண்டார்: ஒரு போத்தல் நாலு நாளைக்கு வரும். காலையில் கோப்பியில் கொஞ்சம் விட்டால்தான் கை நிற்கும். 40 சதவீதப் போத்தலை நாலாகப் பிரித்தால் நாளுக்கு 55 கிராம். பீரோடு சேர்த்து 93. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராமைத் தாண்டினாலே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உயர் அபாயம்.

மனைவிக்கு அந்த 38 தெரியும், 55 தெரியாது. அவரை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். சம்சு என்ற மலிவுச் சாராயமும் சண்டையுமாக இருந்த ஒரு அப்பாவின் வீட்டிலிருந்து வந்தவர். ஐஸ்பெட்டியில் வரிசையாக அடுக்கிய பீர் டின் அவருக்கு முன்னேற்றம். "வெளியில போயி அஞ்சடியில விழுந்து கிடக்கல, வீட்டுல நம்ம கண்ணு முன்னாலதானே," என்றார். எங்கள் ஊரில் குடிகாரனுக்கு ஒரு உருவம் உண்டு: கடை முன் நடைபாதையான அஞ்சடியில் சட்டையில்லாமல் படுத்திருப்பவன். அந்த ஆள் அங்கே இருக்கிறவரை மற்ற எல்லாரும் தப்பித்துக்கொள்கிறோம்.

ஒரு காலத்தில் இதே வட்டாரத்தில் எதிரிக்கு விலாசம் இருந்தது. தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடை வைத்திருந்தன. 1946, 47இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகள் முன்னால் மறியல் செய்தது. பீடோங் பக்கம் போலீசோடு மோதலாகி உயிரிழப்பும் ஏற்பட்டது. அன்று போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. இன்று எந்த வாசலில் நிற்பது? கல்யாணத்தில் பின்பக்கக் கூடாரம், கருமாதி முடிந்த ராத்திரி, ஆலை வருடாந்திர விருந்து, கோயில் கமிட்டி கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடம். பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி, சளிக்குப் பிராந்தி, உடம்பு தேற ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் பச்சை முட்டை. கல்லீரலுக்கு இதெல்லாம் ஒரே எத்தனால்தான்.

என் கார்டில் இருந்தது

அவர் வீடு திரும்பிய வாரம், கிளினிக்கில் அவருடைய பழைய நோயாளி அட்டையை எடுத்தேன். என் கையெழுத்தே பல பக்கத்தில். முதல் பக்கத்தில், பழக்கவழக்கம் என்ற இடத்தில் நான் எழுதியது: சோஷியல் டிரிங்கர். எத்தனை டின், எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. கேட்டால் சங்கடப்படுவாரே என்று நினைத்திருப்பேன். உண்மையைச் சொன்னால், போன வருடம் ஒரு கல்யாணத்தில் அவரும் நானும் ஒரே மேசை. அவர் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்திருக்கிறேன்.

பிறகு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கொடுத்த தேதிகளைப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் ஆறு எம்சி. ஆறும் ஜனவரி அல்லது பிப்ரவரி.

அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வருடமாகக் கேட்டேன். அவர் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கத் தொடங்கியது பதினோரு வருடத்துக்கு முன்னால். முதல் சில வருடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வருடம், விரதம் தொடங்கி இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் கை நடுங்கியது. அதற்கு அடுத்த வருடம் குடத்தைத் தூக்கியபோது பால் தளும்பித் தோளெல்லாம் வழிந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள், முருகன் இறங்கிவிட்டான் என்று. அதற்குப் பின் வியர்வை, வாந்தி. 'விரதச் சூடு' என்று இளநீர் குடித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்தார், ரத்த அழுத்தம் 160/100. நான் எழுதியது: விரதம், களைப்பு, இரண்டு நாள் எம்சி. மற்ற மாதங்களில் அவருடைய அழுத்தம் இதைவிடக் குறைவு என்பது அதே அட்டையில் மேல்வரியில் இருக்கிறது.

அருள் வருவதை நான் கேலி செய்யவில்லை. என் அம்மாவுக்கு வரும். ஆனால் அருள் முடிந்து தண்ணீர் தெளித்தால் அம்மாவின் கை நின்றுவிடும். இவருக்கு மூன்று நாள் நிற்கவில்லை.

ஒவ்வொரு முறை சட்டென்று நிறுத்தி, பிறகு திரும்பக் குடித்து, மறுபடி நிறுத்தும்போது மூளை முன்பைவிட எளிதாகக் கொதிக்கும். மருத்துவத்தில் இதைக் கிண்டலிங் என்பார்கள், சுள்ளி பற்றவைப்பது போல. முதல்முறை தூக்கமின்மையோடு போனது பத்தாவது முறை வலிப்பாகலாம். வருடத்துக்கு ஒருமுறை பக்தியோடு சுள்ளி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பூசம் முடிந்த அன்று இரவே முதல் டின் திறக்கும்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது, அவருக்கு நோயில்லை என்பதற்கு ஊரே காட்டிய அத்தாட்சி இந்த விரதம்தான். "இருபத்தோரு நாள் தொடாம இருக்காருல்ல? அடிமையா இருந்தா முடியுமா?" மனைவி சொன்னார், கமிட்டித் தலைவர் சொன்னார், அவரே சொன்னார். வலிக்காக வந்த இன்னொரு நோயாளியிடம் நானும் இதே வாதத்தைச் சொல்லியிருக்கிறேன். நிறுத்த முடிவது ஒன்று. நிறுத்தினால் உடல் என்ன செய்கிறது என்பது வேறு. இரண்டாவதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பிறகு நடந்தவை

பத்து கேள்விகள் கொண்ட ஆடிட் என்ற வினாத்தாளை உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கிறது. நாற்பதுக்கு மதிப்பெண். 8 வந்தால் கவனிக்க வேண்டும், 20 வந்தால் அடிமைநிலையைச் சந்தேகிக்க வேண்டும். இவருக்கு 27. மலாயில் கேட்டபோது 'கடாங்-கடாங்', அதாவது எப்போதாவது, என்றே பதில் சொன்னார். அந்தச் சொல்லுக்குள் எத்தனை டின் வேண்டுமானாலும் அடங்கும். தமிழில், 'காலையில எந்திரிச்சதும் கை நிக்க ஒரு வாய் தேவைப்படுதா அண்ணே?' என்று கேட்டபோதுதான் தலையைக் குனிந்தார். இப்போது நான் எல்லாரிடமும் 'குடிப்பீங்களா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'நேத்து எத்தனை? குடிக்காத நாள் எது?' என்று கேட்கிறேன். சங்கடம்தான், இரண்டு பேருக்கும்.

வேலை விஷயம் லேசாக முடியவில்லை. பிளாஸ்க்கில் விஸ்கியோடு மோட்டாரில் போய், 20 பார் அழுத்தத்தில் ஓடும் பாய்லர் முன் நின்றிருக்கிறார். 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, ரத்தத்தில் சாராய வரம்பை 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். அந்த ரோட்டில் எந்த ரோட்பிளாக்கிலும் அவரை நிறுத்தியிருந்தால் பிடிபட்டிருப்பார். யாரும் நிறுத்தவில்லை, ஏனென்றால் அவர் நேராக ஓட்டினார். பழகிய உடல் அப்படித்தான், போதை வெளியே தெரியாது. நிர்வாகத்திடம் அவரே போய்ச் சொன்னார், நான் கூட இருந்தேன். லாரிகளை நிறுக்கும் எடைப் பாலத்துக்கு மாற்றினார்கள். ஓடி (ஓவர்டைம்) காசு போய்விட்டது, மாதம் முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் குறைவு.

நாலு மாதம் சுத்தமாக இருந்தார். பிறகு மச்சான் மகள் கல்யாணம். "ஒரு கிளாஸ் மச்சான், என் பொண்ணுக்காக." மறுக்க முடியவில்லை. ஒரு கிளாஸ் பதினாறு நாளாக நீண்டது. இந்த முறை தானாக நிறுத்த முயலாமல் கிளினிக்குக்கு வந்தார், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. டாக்டர் மருந்து எழுதி, ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். தினமும் வந்து கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போவார். தயமின் மாத்திரை தொடர்கிறது. மனநலப் பிரிவில் குடிவேட்கையைக் குறைக்கும் மருந்தும் தொடங்கியிருக்கிறார்கள்.

தினமும் குடிப்பவர்கள், காலையில் கை நடுங்குபவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே விரதம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். முதலில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். விரதம் தொடங்கும் நாளை முன்கூட்டிச் சொன்னால் மருந்தோடு நிறுத்த ஏற்பாடு செய்யலாம். முருகன் இரண்டு வாரம் பொறுப்பார்.

இந்த வருடத் தைப்பூசத்தில் அவர் மறுபடியும் பால்குடம் எடுத்தார். கடைசியாகக் குடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை கூடவே நடந்தேன், மருத்துவக் காரணத்துக்காக என்று என்னிடமே சொல்லிக்கொண்டு. கால் மரமரப்பு இன்னும் இருப்பதால் மெதுவாகத்தான் நடந்தார். தலையில் குடம் அசையவில்லை. மஞ்சள் துணி கட்டிய விளிம்பில் ஒரு துளி பால்கூட வெளியே இல்லை.

கோயில் படியில் ஒரு கிழவி, வருடா வருடம் இவருக்குக் குலவை போடுகிறவர், என் பக்கம் சாய்ந்து வருத்தத்தோடு கேட்டார்: "என்னப்பா டிரஸரு, இந்த வருசம் இவருக்குச் சாமியே வரலையே?"